ஏரி சூடானால் மீன் என்ன ஆகும்?

சித்திரை மாதம். இன்னும் விடியவில்லை. ஏரிக்கரைக்குப் போன பையன் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அப்பா! மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கையாலேயே பிடிச்சிடலாம்!"

"ஐயையோ! அது மூச்சுக்குத் தவிக்குதுடா. ஓடிப்போய் மோட்டாரைப் போடு!"

அப்பா எழுந்து ஓடினார். அந்த ஏரியை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். கடன் வாங்கித்தான் மீன் குஞ்சு விட்டிருந்தார்.

மீன் தண்ணீரிலேயே வாழ்கிறது. அதற்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. அதில் உள்ள பிராணவாயுவை மீன் தன் செவுளால் எடுத்துக்கொள்கிறது. அடுப்பில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். சூடு ஏறியதால் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. ஏரியிலும் இதுதான் நடக்கிறது. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரையும்.

இன்னொன்றும் உண்டு. நம் உடம்பின் சூடு வெயிலிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மீனுக்கு அப்படி இல்லை. தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் சூடாகும். உடம்பு வேகமாக வேலை செய்யும். அதிகப் பிராணவாயு கேட்கும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது.

அது சரி, வெயில் பகலில்தானே? விடியற்காலையில் ஏன் தவிக்கிறது? பகலில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அது பிராணவாயு தருவதில்லை. மீனைப் போல அதுவும் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவு செய்கிறது. இரவு முழுவதும் செலவாகி, விடியும் நேரத்தில் மிகவும் குறைந்து போகிறது. விரால் மீன் தப்பித்துக்கொள்ளும். அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். சந்தையில் கொஞ்சத் தண்ணீரில் விரால் உயிரோடு கிடப்பது இதனால்தான். கட்லா, ரோகு மீன்களுக்கு அந்த வசதி இல்லை.

சாக்கடை கலக்கும் ஏரியில் நிலைமை இன்னும் மோசம். அழுக்கு மக்குவதற்கும் பிராணவாயு வேண்டும். பெங்களூரு நகரத்தின் நடுவில் அல்சூர் ஏரி இருக்கிறது. 2016 மார்ச் மாதம் அங்கே ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடையும் சேர்ந்தது, கோடைச் சூடும் சேர்ந்தது. தண்ணீரில் பிராணவாயு குறைந்து போனது.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் கடும் வெயில் அடிக்கும் நாட்களும் கூடியிருக்கின்றன. ஆழம் இல்லாத ஏரி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் வற்றும். இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் அத்தனை மீனும் நெருக்கியடித்து நிற்கும்.

முட்டையிடும் காலமும் மாறுகிறது. மேற்கு வங்காளத்தின் குஞ்சு பொரிப்பகங்களில் முன்பு மழைக்காலத்தில்தான் கெண்டை மீன்கள் முட்டையிட்டன. பிறகு ஓரிரு மாதம் முன்னதாகவே அவை சினைக்குத் தயாராவதை மீன்வள விஞ்ஞானிகள் கண்டார்கள். பொரிப்பகத்துக்கு இது லாபம்தான். ஆற்று மீனுக்கு அப்படி இல்லை. அதற்கு மழையும் புதுவெள்ளமும் வேண்டும். சினை முற்றியும் வெள்ளம் வராவிட்டால் அந்த முட்டைகள் வீணாகிவிடும்.

அன்று காலை மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து ஏரியில் கொட்டியது. விழும் தண்ணீரில் காற்று கலந்தது. பையனும் அவன் அம்மாவும் இறங்கி மூங்கிலால் தண்ணீரை அடித்தார்கள். அன்று தவிடும் புண்ணாக்கும் போடவில்லை. தின்றால் மீனுக்கு இன்னும் பிராணவாயு தேவைப்படும். மிச்சத் தீவனம் அழுகினாலும் கெடுதல்தான். வெயில் ஏறிய பிறகு மீன்கள் கீழே இறங்கின. செத்த மீன்களை உடனே அள்ளிக் குழியில் புதைத்தார்கள்.

மறுநாள் அப்பா முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். உள்ளங்கை தெரியவில்லை. பாசி அதிகம் என்று அர்த்தம். சாணம் போடுவதை நிறுத்தினார். அந்த வாரமே பெரிய மீன்களைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பினார். சின்ன மீன்களுக்கு ஏரியில் இடம் கிடைத்தது.