விருந்தோம்பலும் ஒரு கல்வியே

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்
• விடுதி, உணவக மேலாண்மைக் கல்வி பற்றி அறிதல்
• எத்தொழிலையும் மதிக்கும் மனப்பான்மை பெறுதல்
• ரகர, றகர வேறுபாட்டையும் புணர்ச்சி விதி ஒன்றையும் அறிதல்

நுழையும்முன்

வீட்டுக்கு வருபவரை வரவேற்பது நம் பண்பு. முன்பின் அறியாத நூறு பேரை நாள்தோறும் வரவேற்பது ஒரு தொழில். அத்தொழிலைப் பல்கலைக்கழகப் பட்டமாகவும் பயிலலாம். அக்கல்வியில் என்ன இருக்கிறது? அறிவோம், வாருங்கள்.

பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது கல்லாறு. வாமனபுரம் ஆற்றின் கிளையாகிய இவ்வாறு, உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே ஓடுவதால் இப்பெயருக்கு முற்றிலும் பொருந்துகிறது. பொன்முடி மலைச்சாலையின் 22 கொண்டையூசி வளைவுகளும் இதற்கு அப்பால்தான் தொடங்குகின்றன.

சென்ற ஆண்டு எம் மாணவர்களுடன் இங்குள்ள மீன்முட்டி அருவிக்குச் சென்றிருந்தேன். காட்டுப்பாதையில் நுழையுமுன் வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். வழுக்கும் பாறைகளைச் சுட்டிக்காட்டினார். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் வந்துவிடும் என எச்சரித்தார். திரும்பி வந்ததும் மீண்டும் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்த பிறகே அவர் முகத்தில் புன்னகை தோன்றியது.

பின்னர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறு உணவகத்தில் உண்ண அமர்ந்தோம். இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வந்தது. பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வந்த முதல் நாளில் இந்நீரைக் கண்டு நான் தயங்கியது நினைவுக்கு வந்தது. அன்று பரிமாறியவர் என் தயக்கத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, "பதிமுகம் என்னும் மரத்தின் துண்டுகளை இட்டுக் காய்ச்சிய நீர், நல்லது, பருகுங்கள்" என்று பொறுமையாகச் சொன்னார். புதிய ஊரில் எனக்கிருந்த அச்சத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே நீங்கியது. இதை மாணவர்களிடம் சொன்னேன்.

அப்போது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கியவாறு கேட்டாள்: "ஐயா, என் அண்ணன் விடுதி மேலாண்மை படிக்க விரும்புகிறான். 'தட்டுத் தூக்குவதற்கு ஒரு பட்டமா?' என்று அப்பா வருந்துகிறார். அவர் கேட்பது சரிதானா?"

அவளுக்குக் கூறிய விடையே இப்பாடம்.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியத்திலும் அச்சொல் அப்பொருளில் வருகிறது. ஆகவே விருந்தினர் என்போர் நமக்குப் புதியவர், உறவினர் அல்லர். உறவினரின் சுவையும் பழக்கமும் நமக்குத் தெரியும். புதியவரின் தேவையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அறிய வேண்டியது ஒன்று உண்டெனில், கற்க வேண்டியதும் உண்டு.

உலகில் இக்கல்வி நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1893-இல் விடுதிப் பணிக்கென ஒரு பள்ளி தோன்றியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-இல் இப்படிப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டு மும்பையில், லீலாவதி முன்ஷி தலைமையிலான மகளிர் அமைப்பின் முயற்சியால் இத்துறைக்கான முதல் கல்வி நிறுவனம் உருவாயிற்று. இந்நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் தேசியக் குழுமம் 1982-இல் அமைக்கப்பட்டது. சென்னைத் தரமணியிலும், கல்லாற்றுக்கு எட்டும் தொலைவிலுள்ள கோவளத்திலும் ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்தைச் சார்ந்த நிறுவனங்கள் உள்ளன.

இப்படிப்பில் நான்கு முதன்மைப் பிரிவுகள் உண்டு. வரவேற்புப் பிரிவு, விருந்தினரின் வருகை முதல் கணக்கு முடிப்பது வரை பொறுப்பேற்கிறது. அறைப் பராமரிப்புப் பிரிவு, தூய்மையையும் துணிகளின் கணக்கையும் காக்கிறது. ஒரு விரிப்பு கட்டிலிலும், ஒன்று சலவையிலும், ஒன்று அலமாரியிலும் இருந்தால்தான் அடுத்த விருந்தினருக்கு அறை ஆயத்தமாகும்.

மூன்றாவது, உணவுத் தயாரிப்புப் பிரிவு. இங்கே சுவைக்கு முன்னர்ப் பாதுகாப்பு கற்பிக்கப்படுகிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியசு வரையிலான வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆதலால் சூடான உணவை அதற்கு மேலும், குளிர்ந்த உணவை அதற்குக் கீழும் வைக்க வேண்டும். கணக்கும் தேவை: ஒரு தட்டு உணவின் மூலப்பொருளுக்கு 60 ரூபாய் செலவாகி, அது 200 ரூபாய்க்கு விற்கப்பட்டால், உணவுச் செலவு 30 விழுக்காடு. இவ்விகிதம் தெரியாமல் நடத்தப்படும் உணவகம், கூட்டம் நிறைந்திருந்தும் நட்டமடையலாம். பெரிய சமையற்கூடத்தின் வேலையைத் தனித்தனிப் பிரிவுகளாக ஒழுங்குபடுத்திய பெருமை பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எசுகோஃபியே (1846–1935) என்பவரைச் சாரும்.

நான்காவது, பரிமாறும் பிரிவு. மாணவியின் தந்தை 'தட்டுத் தூக்குதல்' என்று குறிப்பிட்டது இதைத்தான். எந்த உணவில் நிலக்கடலை இருக்கிறது, எவருக்கு அது ஒவ்வாது என்பதைக் கேட்டறியாமல் வைக்கப்படும் ஒரு தட்டு உயிருக்கே தீங்கு செய்யக்கூடும். தட்டைத் தூக்குவது கை. அதை யாருக்கு, எப்போது, எப்படி வைப்பது என்று முடிவு செய்வது அறிவு.

தேசியக் குழுமத்தைச் சார்ந்த நிறுவனங்களில் இளநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பாகும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்று தேர்ச்சி பெற்றவர்கள் நுழைவுத்தேர்வு எழுதலாம். கணிதத் திறன், பகுத்தாய்வு, பொது அறிவு, ஆங்கிலம், பணிக்குரிய மனப்பாங்கு ஆகியவை அதில் சோதிக்கப்படும். படிப்பின் இடையில் ஒரு பருவம் முழுவதும் விடுதியிலேயே பயிற்சி பெற வேண்டும்.

இத்துறையின் கடினமும் மறைக்கத்தக்கதன்று. பிறர் விழாக் கொண்டாடும் நாளே விடுதியினருக்கு வேலை மிகுந்த நாள். நெடுநேரம் நின்றே பணி செய்ய வேண்டும். தொடக்க ஊதியம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம். 'பன்னாட்டு' என்னும் சொல் பெயர்ப்பலகையில் இருப்பதனாலேயே ஒரு நிறுவனம் தரமானதாகிவிடாது. எனவே, சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது? பயிற்சி எந்த விடுதியில், எத்தனை வாரம்? மூன்றாண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? இவற்றுக்கு எழுத்து வடிவில் விடை தராத நிறுவனத்தில் பணம் கட்டுதல் கூடாது.

"இவை தெரிந்த பின்னும் உன் அண்ணனுக்கு விருப்பம் இருந்தால், அது நல்ல விருப்பமே. இத்தொழிலில் இழிவு சிறிதும் இல்லை. இன்று காலை நம்மை இருமுறை எண்ணினாரே, அந்த வழிகாட்டி செய்ததும் விருந்தோம்பல்தான். நம்பி வந்தவரை நலமாகத் திருப்பி அனுப்பும் பொறுப்பு அது" என்றேன்.

அவள் அந்த மூன்று கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். "அப்பாவிடமும் காட்டுவேன், ஐயா" என்றாள். உண்டு முடித்து எழுந்தபோது, பரிமாறியவரிடம் மாணவர்கள் ஒவ்வொருவராக நன்றி கூறினர். அவ்வாறு கூறும்படி நான் சொல்லவில்லை.

சொற்பொருள்
ஓம்புதல் – பேணுதல். ஆயத்தம் – தயார் நிலை. விழுக்காடு – சதவீதம். இழிவு – தாழ்வு. மனப்பாங்கு – மனநிலை

மொழியை அறிவோம்
1. கல் + ஆறு = கல்லாறு. தனிக்குற்றெழுத்தை அடுத்து வரும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும். (மண் + உலகு = மண்ணுலகு)
2. கல்லாறு – ஆற்றின் பெயர். கல்லார் – கல்வி கற்காதவர். ரகரமும் றகரமும் மாறினால் பொருளும் மாறும்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் ________.
2. இந்தியாவில் இத்துறைக்கான முதல் கல்வி நிறுவனம் தோன்றிய நகரம் ________.

ஆ. சேர்த்தெழுதுக.
1. பல் + ஆண்டு 2. விருந்து + ஓம்பல்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வழிகாட்டி மாணவர்களை ஏன் இருமுறை எண்ணினார்?
2. ஓர் அறைக்கு மூன்று விரிப்புகள் தேவைப்படுவது ஏன்?
3. ஒரு தட்டு உணவின் மூலப்பொருட்செலவு 75 ரூபாய்; விற்பனை விலை 250 ரூபாய். உணவுச் செலவு எத்தனை விழுக்காடு?

ஈ. பத்து வரிகளில் எழுதுக.
மாணவியின் தந்தையிடம் நீங்கள் பேச நேர்ந்தால் என்ன கூறுவீர்கள்? அவருடைய கவலையில் உள்ள நியாயத்தையும் குறிப்பிட்டு எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் பகுதி உணவகத்தில் பணியாற்றும் ஒருவரிடம், அவர் அத்தொழிலில் கற்றுக்கொண்ட ஒன்றைக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.