காலியா இருந்தாலும் அது நம்ம இடம் இல்லை

கார் வந்தாச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. ஓட்டுறதை உன் மாமா நல்லாவே சொல்லிக் கொடுத்துட்டார். நிறுத்துறதைப் பத்தி அக்கா சொல்றேன், கேட்டுக்கோ. அத்தைக்குப் பக்கவாதம் வந்து வீல்சேருக்கு மாறினதில இருந்து, எங்க போனாலும் நான் முதல்ல பார்க்கிறது பார்க்கிங்கைத்தான்.

மால்லயும் ஆஸ்பத்திரியிலயும் வாசலுக்குக் கிட்ட, தரையில வீல்சேர் படம் வரைஞ்ச இடம் இருக்கும். வாசலுக்குப் பக்கம்கிறதுதான் அதோட விசேஷம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பக்கம் வேணும்தான், ஆனா அதைவிட முக்கியம் அகலம். தேசியக் கட்டிட விதித் தொகுப்புல இந்த இடம் வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள இருக்கணும், குறைஞ்சது 3.6 மீட்டர் அகலம் இருக்கணும்னு போட்டிருக்கு. சாதாரணமா ஒரு காருக்கு விடுறது இரண்டரை மீட்டர்.

கூடுதலா இருக்கிற அந்த ஒரு மீட்டர் சொச்சம் எதுக்கு? அத்தையை இறக்குறதைப் பார்த்தா தெரியும். கார் கதவு முழுசாத் திறக்கணும். டிக்கியில இருந்து வீல்சேரை எடுத்து விரிச்சு, சீட்டோட ஒட்டி, கொஞ்சம் சாய்வா நிறுத்தி, ரெண்டு பக்கமும் பிரேக் போடணும். கால் வைக்கிற தட்டை மடக்கி ஒதுக்கணும். அப்புறம் அவங்க ரெண்டு காலையும் வெளியில எடுத்து வெச்சு, இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்தி, அப்படியே திருப்பி உட்கார வைக்கணும். இத்தனைக்கும் நடுவுல நான் காலை ஊன்றி நிக்கவும் இடம் வேணும். பக்கத்து வண்டி நெருக்கி நின்னா இதுல எதுவுமே முடியாது.

அதனால அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல சாய்வா கோடு போட்ட பட்டை இருந்தா, அதுல டூவீலரைக்கூட சொருகாதே. வந்து இறங்கும்போது காலியா இருந்து, திரும்பி வரும்போது அதுல ஒரு பைக் நின்னா, அந்த பைக்காரர் சினிமா முடிஞ்சு வர்ற வரைக்கும் வெயில்ல காத்திருக்க வேண்டியதுதான். கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் இயக்குற மாதிரி காரை மாத்தி, தனியா ஓட்டிட்டு வர்றவங்க இருக்காங்க. அவங்க இறங்குறது வலது பக்கம். வண்டியை நகர்த்தித் தரக்கூட ஆள் இருக்காது.

"ரெண்டே நிமிஷம்", "காலியாத்தானே கிடக்கு", "நான் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கேன்". இந்த மூணையும் நீ சொல்லக் கூடாது. உனக்கு அந்த வளாகத்துல எந்த இடமும் சரிப்படும். வீல்சேர்ல வர்றவங்களுக்கு அது ஒண்ணுதான். இஞ்சின் ஓடிக்கிட்டே நின்னாலும், தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு இடம் போயிடுச்சுன்னுதான் தெரியும். திரும்பிப் போயிடுவாங்க. அது காலியா இருந்தாத்தான் அடுத்து வர்றவங்களுக்கு உபயோகம்.

சில இடத்துல செக்யூரிட்டி அண்ணன் நல்லெண்ணத்துல அங்க கோன் வெச்சுக் காத்துக்கிட்டிருப்பார். நல்ல காரியம்தான். ஆனா தனியா வர்றவங்க இறங்கினாத்தானே கோனை எடுக்க முடியும்? அவர் இல்லாம கோன் மட்டும் நிக்கிறதை நீ கண்டா, அதை எடுத்து வழிவிட்டுட்டு அவர்கிட்ட தன்மையா சொல்லு. வேற யாராவது அங்க வண்டியை நிறுத்தியிருந்தாலும் நீ சண்டைக்குப் போகாதே, மேனேஜர்கிட்ட சொல்லு. ஓயாம சொன்னா மாறுது, நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல பார்க்கிறது. அரசு கொடுக்கிற இணைப்புச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் தெருவுக்குத் தெரு ஓடுது. பின்னாடி ரெண்டு பக்கமும் சக்கரம் நீட்டிக்கிட்டிருக்கும், ஸ்டாண்டு போட்டு நெருக்கி நிறுத்துற வரிசையில அது நுழையாது. நுழைஞ்சாலும், பின்னால நாம ஒட்டி நிறுத்தினா வெளியே வராது. அந்த வண்டியைக் கண்டா ரெண்டு பக்கமும் ஒரு ஆள் ஊன்றுகோலோட நடந்து வர்ற அளவு விட்டுத் தள்ளி நிறுத்து.

சாய்தளத்தோட அடிவாரமும் இதே மாதிரிதான். கடை வாசல்ல ராம்ப் கட்டியிருப்பாங்க, அது தரையில முடியிற இடத்துல நாலு பைக் நிக்கும். ராம்ப் இருந்தும் இல்லாத கணக்கு. நீயோ உன் மாமியார் வீட்டுலயோ கட்டிடம் கட்டினா கணக்கு இது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதுக்குக் குறைஞ்சா அது வண்டி ஏத்துற சரிவு, வீல்சேருக்கு ஆகாது. நடைபாதையில புடைப்பு வெச்ச மஞ்சள் ஓடு பதிச்சிருக்கே, நீளக் கோடு வந்தா நேரா போலாம்னு அர்த்தம், புள்ளி வந்தா நில்லுன்னு அர்த்தம். பார்வையில்லாதவங்க கோலாலயும் காலாலயும் அதைத் தடவித்தான் நடக்கிறாங்க. அது மேல வண்டியையோ போர்டையோ வெச்சா முட்டி விழறது அவங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல வீல்சேர் போறதுக்குக் கடல் பக்கம் வரைக்கும் மரப்பாதை திறந்தாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாகி, மறுபடி சரிபண்ணினாங்க. அங்க போனா நடுவுல கும்பலா நின்னு செல்ஃபி எடுக்காதே, அவ்வளவுதான் கேக்கிறேன்.

நல்லாத்தானே நடக்கிறாங்கன்னு யாரையும் முறைச்சுப் பார்க்காதே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல 21 வகைக் குறைபாடு இருக்கு. பார்க்கின்சன், ஹீமோபிலியா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அதுல உண்டு. காலையில நடந்தவங்களுக்குச் சாயங்காலம் கால் வராமப் போகலாம். கண்ணாடியில ஒட்டுற வீல்சேர் ஸ்டிக்கர் கடையில யாருக்கும் கிடைக்கும், அதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. சந்தேகம்னா கேட்க வேண்டியது அங்க பொறுப்புல இருக்கிறவங்க, நாம இல்லை.

உதவணும்னா கேட்டுட்டு உதவு. பின்னாடி வந்து வீல்சேரைத் தள்ளுறது, உட்கார்ந்திருக்கிறவங்களைத் தோளைப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி. செங்குத்தான சரிவுல பின்பக்கமா இறக்கணும், இல்லேன்னா முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் தட்டி ஆளைக் குப்புறத் தள்ளிடும். பார்வையில்லாதவங்க கையை நீ பிடிச்சு இழுக்காதே. உன் முழங்கையை நீட்டு, அவங்க பிடிச்சுக்குவாங்க. யாரா இருந்தாலும், பேசுறதையும் அவங்ககிட்டயே பேசு. "அம்மாவுக்குக் காபி சர்க்கரை போட்டா, போடாமலா?"ன்னு என்னைக் கேட்கிறவங்களை அத்தை ஒரு பார்வை பார்ப்பாங்க பாரு.

இது தயவு தாட்சணியம் பார்த்துச் செய்யிறதும் இல்லை. அந்த 2016 சட்டத்தை மீறினா முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும், அடுத்தடுத்து 50,000-ல இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதலாம். அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கணும்னு உச்ச நீதிமன்றமே 2024 நவம்பர்ல சொல்லிடுச்சு.

கடைசியா, பாப்பா காதுகுத்துக்கு மண்டபம் பார்க்கிறியே. ஏ.சி. இருக்கா, சமையல் பாத்திரம் எத்தனைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி வீல்சேர் போற கழிவறை இருக்கான்னு கேளு, இருந்தா உள்ளே போய்ப் பாரு. பாதி இடத்துல அதுல துடைப்பமும் உடைஞ்ச நாற்காலியும்தான் கிடக்கும். பந்தி மாடியிலயா, லிஃப்ட் சமையல் ஆளுங்களுக்கு மட்டுமா, பந்தி மேசைக்கு அடியில முழங்கால் நுழையுமா, எல்லாம் பாரு. வரிசையோட ஓரத்துல ஒரு நாற்காலியை எடுத்துட்டா வீல்சேர் அங்க நிக்கும். மேடைக்குப் படி மட்டும்தான்னா, பாப்பாவைத் தூக்கிட்டு நீயே கீழே இறங்கி வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ. நாலு பேர் சேர்ந்து அத்தையை நாற்காலியோட தூக்குறதை மட்டும் பண்ணாதே, அவங்களுக்குப் பிடிக்காது.