இஸ்வாராவுக்கு மின்மோட்டார் மாட்டலாமா?

கேள்வி: கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் லயன் வீட்டில் இருக்கிறோம். அப்பா வாங்கிய புரோட்டோன் சாகா இஸ்வாரா 1.3 இன்னும் ஓடுகிறது, ஆனால் புகை தள்ளுகிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்லி முன்பணம் கேட்கிறார். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன். செய்யலாமா?
– ஒரு வாசகர், கெமாஸ்

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் காடி 100 கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 மானியப் பெட்ரோலின் விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி. ஆக 16 வெள்ளி. அதே தூரத்துக்கு மின்சாரம், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 17 யூனிட் ஆகும். யூனிட் 44 காசு என்றால் ஏழரை வெள்ளி. மாதம் 85 வெள்ளி மிச்சம், வருடத்துக்கு ஆயிரம். மாற்றும் செலவை 25,000 என்று குறைத்தே போட்டாலும் போட்ட பணம் திரும்ப 25 வருடம். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: 2025 ஜூலையில் வந்த மின்கட்டண முறையில் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குத்தான் கழிவு அதிகம். மாதம் 170 யூனிட் கூடினால் அந்தக் கழிவு சுருங்கிவிடும்.

முடியாத வேலையா என்றால், இல்லை. இஸ்வாரா கனமில்லாத காடி. கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை அதனுடன் இணைக்கலாம். எஞ்சின், பெட்ரோல் தொட்டி, புகைக்குழாய் எல்லாம் போனால் 20 யூனிட் பேட்டரியின் எடைக்குப் பெரும்பாலும் ஈடாகிவிடும். 120 கிலோமீட்டர் வரை ஓடும். செகாமட் போய் வரலாம். புரோட்டோனே 2010களின் தொடக்கத்தில் சாகாவை மின்காடியாக்கி அரசுத் துறைகளிடம் சோதனைக்குக் கொடுத்தது. ஆனால் அது கடைக்கு வரவில்லை.

பட்டறைக்காரர்கள் கோட்டைவிடுவது மோட்டாரில் அல்ல, பிரேக்கில். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்குத் துணை நிற்கும் வெற்றிடத்தை எஞ்சின்தான் உண்டாக்குகிறது. எஞ்சின் போனால் அதற்குத் தனி மின்பம்பு வேண்டும். ஏர்கண்டிஷனுக்கும் அப்படியே. பேட்டரி முழுவதையும் பின்பெட்டியில் அடுக்கினால் பின்பாரம் ஏறி, வளைவில் காடி பிடி தராது. செம்பனைக் காட்டுச் சாலையின் கல்லும் தண்ணீரும் பேட்டரிப் பெட்டிக்குள் போகாதபடி அடைப்பு வேண்டும். 2023 மார்ச்சில் செகாமட் பக்கம் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பம்பு எது, பேட்டரி எங்கே, சோதனை அறிக்கை உண்டா என்று அவரைக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணே" என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, லயன் வீட்டு வயரிங். சாதாரண 13 ஆம்ப் சாக்கெட்டில் இரவு முழுக்க எட்டு மணி நேரம் இழுத்தால் பழைய கம்பி சூடேறும். மின்சாரம் தோட்ட நிர்வாகம் கொடுப்பதென்றால் அவர்களிடமும் கேட்க வேண்டும்.

சட்டம் இதைவிடக் கறார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியில்லாமல் எஞ்சினையோ எரிபொருள் வகையையோ மாற்றக்கூடாது. பரிசோதனையும் முடிந்து பதிவில் ஏற வேண்டும். பதிவில் பெட்ரோல், பானட்டுக்குள் மோட்டார் என்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைகழுவும். இந்தியாவில் இதற்கு ஏஐஎஸ் 123 என்று தனித் தரவிதியே உண்டு. பொருத்தும் கருவித்தொகுப்பு முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மூலைப் பட்டறையில் நினைத்தபடி செய்ய முடியாது.

மாற்றுவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி ரயிலுக்கும் வந்ததுதான். இந்திய ரயில்வே வாரணாசியில் இரண்டு டீசல் எஞ்சின்களை 10,000 குதிரைத்திறன் கொண்ட ஒரு மின் எஞ்சினாக மாற்றி 2019இல் ஓட்டிக் காட்டியது. பெரிய அளவில் தொடரவில்லை. உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு 2013இல் மின்கம்பி வந்த பிறகு ரயில் நிறுவனமான கேடிஎம் பழைய டீசலை மாற்றிக்கொண்டிருக்கவில்லை, தனியாக மின்ரயிலைத்தான் கொண்டுவந்தது. ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் அதன் பிறகும் பல வருடம் கெமாஸில் இறங்கி டீசல் வண்டி மாறினார்கள் என்பது வேறு கதை!

புகைக்கு வருவோம். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை என்றால் வால்வு சீல். சில நூறு வெள்ளியில் முடியலாம். ஓடும்போதெல்லாம் புகை என்றால் பிஸ்டன் ரிங். கம்ப்ரெஷன் சோதனை செய்தால் தெரிந்துவிடும். பழைய எஞ்சின் வாங்கி மாட்டுவதானால் அதன் எண்ணையும் ஜேபிஜே பதிவில் மாற்ற வேண்டும்.

மின்காடிதான் வேண்டுமென்றால், 2025 அக்டோபரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 5இன் தொடக்க விலை 60,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. உத்தரவாதம் உண்டு, நெடுஞ்சாலையில் விரைவாக சார்ஜ் ஏற்றலாம். மாற்றிய இஸ்வாராவில் அது நடக்காது. அப்பாவின் காடி என்ற பாசத்துக்காகவே மாற்ற நினைத்தால், ஜேபிஜேயின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகு பட்டறைக்காரரிடம் போங்கள்.