தெரு நாய்களும் நமது சங்கங்களும்

கைத்தறி ஊர்களில் விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். அவ்வேளையில் நாய்கள் சண்டையிட்டுக் குறுக்கே பாய்ந்தால் இழைகள் அறுந்து அரைநாள் உழைப்பு வீணாகும். சில மாதங்களுக்கு முன் தணிக்கையின் பொருட்டு நாம் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், கணக்கு முடிந்த பின் இப்பேச்சே எழுந்தது. பாவு அறுந்ததோடு நில்லாமல், அங்கத்தினர் ஒருவரின் ஏழு வயதுப் பெண் குழந்தையை நாய் கடித்தும் இருந்தது. ஊசிகள் போடப்பட்டுக் குழந்தை நலமாக இருக்கிறது. ஊராரின் கோபந்தான் ஆறவில்லை. ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்து, நாய்களை வண்டியிலேற்றி ஆற்றுக்கு அப்பால் விட்டுவரலாம் என்றார் ஒருவர். நஞ்சு வைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்கும் உழவர் ஒருவர் மட்டும் எழுந்து, “தெரு நாய்க்கு வைக்கிற நஞ்சு என் வீட்டு நாயை விட்டுவிடுமா, ஐயா?” என்று நம்மைக் கேட்டார்.

நஞ்சிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் சொன்னோம். வண்டியேற்றும் யோசனையோ, நமது கடனை அடுத்த சங்கத்தின் பேரேட்டில் எழுதுவதற்கு ஒப்பாகும். ஆயினும், எது கூடாது என்று சொல்வதோடு நின்றால் அவ்வூராருக்குப் பயனில்லை. எது பலித்தது என்பதை இரண்டு நகரங்களின் அனுபவத்தைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் என்னும் விமானி புளூ கிராஸ் என்னும் தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார். நோயுற்ற பிராணிகளுக்கு இலவச சிகிச்சை அளிப்பது அதன் பணி. நகரசபையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. அதனால் அவை குறைந்தபாடில்லை. காரணம் எளிது. எச்சிலும் குப்பையும் கிடக்கும் தெருவில் பத்து நாய்களைக் கொன்றால், அந்த இரைக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேரும். எஞ்சிய பெட்டை நாய் ஒன்று சுமார் 63 நாள் சினையிருந்து, ஆண்டுக்கு இருமுறை வரை ஈனும். ஆகவே, பிடித்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று புளூ கிராஸ் 1964-இலேயே கூறிற்று. மாநகராட்சி அதனை ஏற்று நகரெங்கும் நடத்த முன்வந்ததோ 1996-இல். மருத்துவம் தெரிந்தவர் ஒருபுறம், தெருவுக்கு உரியவர் மறுபுறம்; இருவரும் சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அத்தனை ஆண்டுகளும் கொலை நடந்துகொண்டே இருந்தது என்பது வருந்தத்தக்கது.

ஜெய்ப்பூரில் கணக்கு செம்மையாக வைக்கப்பட்டதால், அதனை விரிவாகப் பார்ப்பது நன்று. அங்கே ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்னும் தர்மப் பிராணி வைத்தியசாலை, 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 நாய்களுக்கு அறுவையும் தடுப்பூசியும் செய்தது. பெட்டை நாய்களில் 65 சதவீதம் இவ்வாறு முடிந்தபோது, அப்பகுதியின் நாய்த்தொகை 28 சதவீதம் குறைந்தது. மனிதருக்கு வெறிநோய் காண்பது அங்கே அறவே நின்றது. ஆனால் அதே நகரில் வேலை நடவாத பகுதிகளில் அந்நோய் கூடிற்று! தணிக்கையாளராகிய நமக்கு இக்கணக்கில் மிகவும் பிடித்த வரி இதுதான். ஒரு தெருவில் மட்டும் செய்து நிறுத்தினால் பயன் அத்தெருவோடு நின்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவுவது அறும் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

இத்தகைய கூட்டு முயற்சிக்கு 2001-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. பொறுப்பு உள்ளாட்சியுடையது, அறுவை செய்வது விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. அகற்றப்பட்ட உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து எண்ணிக் காட்டவும் வேண்டும். நமது சங்கங்களில் வவுச்சர் இல்லாமல் செலவு எழுதக்கூடாதல்லவா, அது போன்றதே இதுவும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களின் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்குமாறு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆர்வமிகுதியால் சங்கமே இவ்வேலையில் நேரடியாக இறங்கிவிடலாகாது. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஊக்கத்தோடு இதனைச் செய்துவந்தன. வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமையால் 2021-இல் உயர் நீதிமன்றம் அவற்றை நிறுத்திற்று. சங்கத்தால் ஆகக்கூடியவை வேறு. வீட்டு நாய்களுக்குப் பதிவேடு வைக்கலாம். மூன்று மாதம் நிரம்பிய குட்டிகள் தொடங்கி ஆண்டுதோறும் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்தோடு நாள் குறிக்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நல நிதியிலிருந்து வண்டிச் செலவுக்கு உதவலாம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும் என்பதைச் சங்கக் கட்டிடச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். நோய்க்குறி தோன்றிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காத்திருக்கும் வழக்கத்தை இன்றும் சில ஊர்களில் காண்கிறோம்.

நாம் மேலே குறிப்பிட்ட சங்கம் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றியுள்ளது. தோட்டக்கார அங்கத்தினரின் நாய் பதிவேட்டில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது. ஊராட்சியின் இசைவும் கிடைத்தது. ஜெய்ப்பூர்க் கணக்கை நினைந்து, ஆற்றின் இருகரையிலும் உள்ள மூன்று ஊர்களும் சேர்ந்தே தொடங்கவேண்டும் என்று வற்புறுத்தினோம். அக்கரையிலுள்ள இரண்டு ஊர்களின் பதில் இன்னும் வரவில்லை. செயலாளர் மறுபடியும் எழுதியிருக்கிறார்.