செருப்பு ஆர்க்கிட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்பில், கிளையைப் பற்றியிருந்த வாண்டா ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்து ஒருவர் அரிவாளால் சீவி எறிந்ததைப் பார்த்தேன். மனசு பதறியது. ராஜபாளையத்தை ஒட்டிய மலைத்தொடரின் தென்கோடியில், அகத்தியமலையில், அழிவின் விளிம்பில் நிற்கும் அதன் உறவுக்காரப் பூ நினைவுக்கு வந்தது: பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற செருப்பு ஆர்க்கிட்.

நம்பிக்கை 1: செருப்பு ஆர்க்கிட் குளிர்நாட்டுப் பூ.
உண்மை: வடக்கே ஐரோப்பாவிலும் கனடாவிலும் பூப்பது ட்ரூரியையின் உறவான சைப்ரிபீடியம். அகத்தியமலைப் பூவை 1865-ல் கண்டெடுத்தவர் கர்னல் ட்ரூரி. மஞ்சள் இதழ், நடுவே கரும்பழுப்புக் கோடு. பாபியோபெடிலம் பேரினத்தில் தென்னிந்தியாவுக்கு உள்ளது இது ஒன்றுதான்.

நம்பிக்கை 2: ஆர்க்கிட் மரத்தின் சாற்றைக் குடிக்கும்.
உண்மை: குடிப்பது புல்லுருவி. அதன் வேர் மரத்துக்குள் இறங்கிவிடும். வாண்டா பட்டையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் பனியிலும் பிழைக்கிறது. ட்ரூரியை மரமே ஏறாது. பாறைச் சரிவில் தரையில் வளரும்.

நம்பிக்கை 3: செருப்பு போன்ற பை பூச்சியைத் தின்னும்.
உண்மை: தின்னாது. வழுக்கும் விளிம்பிலிருந்து பூச்சி பைக்குள் விழும். வந்த வழியே ஏற முடியாது. பின்சுவரில் உள்ள மயிர்களைப் பிடித்து ஏறினால் மேலே இடுக்கான வாசல். போகிற வழியில் முதலில் சூல்முடி, அடுத்து மகரந்தம். பசை போன்ற மகரந்தம் முதுகில் அப்பிக்கொள்ளும். அதே பூச்சி இன்னொரு பூவில் விழுந்து ஏறும்போது அந்த மகரந்தம் அங்குள்ள சூல்முடியில் படும். பூச்சி உயிரோடு போகும், பூ காய்க்கும்.

நம்பிக்கை 4: பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் பெருகும்.
உண்மை: விதையிலிருந்து பெருகுவது எளிதல்ல. ஆர்க்கிட் விதை, பட்டாசுத் தொழிலாளியின் விரலில் ஒட்டும் அலுமினியப் பவுடர் போலத் தூசி. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் பிழைக்கும். அந்த மண் தொட்டியோடு வராது. சேகரிப்போர் தோண்டித் தோண்டியே ட்ரூரியை அருகிப்போனது. காட்டில் அதை எடுப்பது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். காட்டில் எடுத்த செடியின் சர்வதேச வணிகத்துக்கும் தடை உண்டு.

அகத்தியமலைக்கு நாம் போக வேண்டாம். நம் தோப்பிலேயே தொடங்கலாம். அரிவாளை ஓங்குமுன் வேரைப் பாருங்கள். கிளைக்குள் புகுந்திருந்தால் புல்லுருவி, வெட்டுங்கள். பட்டையின் மேலேயே தடித்த சாம்பல்வெள்ளை வேர் ஓடினால் அது ஆர்க்கிட். விட்டுவிடுங்கள், பூக்கட்டும்.