எடை கூடியவருக்குக் கல்லடைப்பா? இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

சோமனூர் தறிக்குடோனிலோ கோவை ஃபவுண்டரியிலோ நாள் முழுக்க வியர்த்துவிட்டு, தண்ணீரும் குறைத்துக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் சேரலாம். எடை கூடியவர்களுக்குச் சிறுநீரில் அமிலத்தன்மையும் கூடுவதால் யூரிக் அமிலக் கல் வர வாய்ப்பு அதிகம். அந்த வகைக் கல்லை மாத்திரையாலேயே கரைக்க முடிவதும் உண்டு. ஆகவே, என்ன கல் என்பதை முதலில் கேளுங்கள்.

● கல்லை வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சி உடைக்கும் முறையில்தான் எடை அதிகம் குறுக்கிடும். தோலிலிருந்து கல் வரையுள்ள தூரம் 10 செ.மீ.யைத் தாண்டினால் கல் முழுதாக உடையாமல் போகலாம். அந்தத் தூரத்தை சிடி ஸ்கேனிலேயே அளந்துவிடலாம். "எனக்கு எத்தனை சென்டிமீட்டர் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

● சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாய் விட்டு லேசரால் உடைப்பதற்கு எடை பெரிய தடையில்லை.

● பெரிய கல்லுக்கு முதுகில் துளையிடும்போது வழக்கமாகக் குப்புறப் படுக்க வைப்பார்கள். பருத்த உடம்புக்கு மூச்சு முட்டலாம். மல்லாந்த நிலையிலும் செய்ய முடியும்.

● பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று வலியோடு நாளைத் தள்ளாதீர்கள். குளிர் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.