நாள் குறிக்காத சேர்க்கை

அன்புள்ள கயல்விழிக்கு,

மனநல மருத்துவமனைகளின் பழைய வரலாற்றைக் கொடியவர்களின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். மருத்துவம் படிக்கப் போகும் நீ அதை அப்படிப் படிக்காதே. நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் அரசு மருத்துவமனை இரக்கத்தில் பிறந்தது. மாவட்டந்தோறும் ஏழைகள் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த மனநோயாளிகளின் நிலையை 1864-இல் சில்வெஸ்டர் வில்லர்ட் என்ற மருத்துவர் விசாரித்து அறிக்கை தந்தார். அதன் பயனாக 1865-இல் சட்டம் வந்தது. 1869-இல் செனெகா ஏரிக்கரையில் மருத்துவமனை திறந்தது. சங்கிலியோடு கொண்டுவரப்பட்டவர்களுக்கு அங்கே சங்கிலி கழன்றது. சோறும் படுக்கையும் கிடைத்தன. இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

பிழை அடித்தளத்தில் இருந்தது. குணமாகக் கூடியவர்களுக்கு யூட்டிகாவில் 1843 முதலே ஒரு மருத்துவமனை இருந்தது. வில்லர்ட் நாள்பட்ட நோயாளிகளுக்கென்றே கட்டப்பட்டது. அப்படிப் பிரிக்கக் கூடாது என்று அக்காலத்து மனநல மருத்துவர்களிலேயே பலர் எதிர்த்தார்கள்; அவர்கள் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். இவர் தேறமாட்டார் என்று வாசலிலேயே முடிவு செய்துவிட்டால், தேறினாரா என்று பிறகு யார் பார்ப்பார்கள்? அங்கே 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள். 1995-இல் மருத்துவமனையை மூடியபோது பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. உடைகள், குடும்பப் புகைப்படங்கள், கடிதங்கள், தையல் சாமான்கள் என்று, வந்த அன்று வாங்கி வைத்தவை அப்படியே இருந்தன. திரும்பிப் போகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள்கள் அவை.

அன்று மருந்தே இல்லையே, வேறென்ன செய்திருக்க முடியும் என்று நீ கேட்கலாம். மனநோய்க்கான குளோர்புரோமசின் என்ற மருந்து 1950-களில்தான் வந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு நோயாளி பல்லாண்டுகள் வெட்டியானாக இருந்தார். சக நோயாளிகளுக்காக 1,500-க்கும் மேற்பட்ட குழிகளை வெட்டினார். இடுகாட்டிலேயே ஒரு குடிசையில் தனியாகத் தங்கினார். இவ்வளவு பொறுப்பாக உழைத்துத் தனியே வாழத் தெரிந்தவரை வெளியே அனுப்ப மருந்து தேவையில்லை. இவர் இன்னும் இங்கே இருக்க வேண்டுமா என்று கேட்க ஓர் ஆள் போதும். 1968-இல் இறந்த அவரும் அதே மண்ணில் புதைக்கப்பட்டார். அங்கிருந்த 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பெயர் இல்லை, எண்தான். நோயாளியின் அந்தரங்கம் காப்பதற்காகவே பெயரை மறைக்கிறோம் என்று அரசு பிற்பாடு சொன்னது. உயிரோடு இருப்பவருக்கு அந்தக் காப்பு அவசியம்தான். இறந்தவரின் பெயரை மறைப்பதோ, மனநோய் வெட்கப்பட வேண்டியது என்று அரசே ஒப்புக்கொள்வதாகிறது.

இத்தகைய இடங்களை மூடிவிட்டால் போதும் என்போரும் உண்டு. வில்லர்டை மூடிய அதே ஆண்டில், அந்த வளாகத்தின் ஒரு பகுதி போதைப் பழக்கமுள்ள கைதிகளுக்கான சிறை மையமாயிற்று. கட்டடத்தை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். மாற வேண்டியது சேர்க்கை விதி. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத்தான் தொடுகிறது: நோயாளி தானாகக் கேட்காமல் அவருடைய நியமனப் பிரதிநிதி கேட்டுச் சேர்த்தால் முதலில் 30 நாள் வரைதான், அதற்கு மேல் 90, 120, 180 நாள் என்ற தவணைகளுக்கு மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். வார்டில் பயிற்சிக்கு நிற்கும்போது ஒவ்வொரு கோப்பிலும் அந்தத் தவணை முடியும் தேதியைத் தேடிப் பார். இல்லாவிட்டால், மூத்த மருத்துவரிடம் தயங்காமல் கேள்.

அன்புடன்,
மாமா